ஐந்தே சொற்கள்

உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் ஐந்தே சொற்களால் திரையில் வரைந்துவிடலாம், ஆறாவது சொல் கேட்கிறவனுக்குத் தான் வரையப்போவது என்ன என்பதே தெரியாது என்று சிவப்பிரகாசம் அறிவித்தபோது அவன் கையில் பாதி வடை இருந்தது. அறிவிப்பு முடியும்வரை வடை காத்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருஷம், பிப்ரவரி மாதம், கம்ப்யூட்டர் பிரிவுக்கு எதிரே இருந்த கேண்டீன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அக்கவுண்ட்ஸ் சுப்பிரமணியன். இன்னொருவர் அவர்கள் மேஜையைத் துடைக்க வந்து, இவர்கள் எழுந்திருக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்த கேண்டீன் ஊழியர்.

புள்ளி, கோடு, பெட்டி, எழுத்து, நிரப்பு. அவ்வளவுதான் என்றான். புள்ளி என்றால் திரையில் ஒரு இடத்தில் ஒளி. கோடு என்றால் இரண்டு இடங்களுக்கு நடுவே. பெட்டியும் எழுத்தும் சொல்லவே வேண்டாம். நிரப்பு என்றால் ஒரு பெட்டிக்குள் வண்ணத்தை ஊற்றுவது. சுப்பிரமணியன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யானை வரையவேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டார். கோடு கொஞ்சம் ஜாஸ்தி ஆகும் என்றான் சிவப்பிரகாசம். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. யானையைப் பற்றி அவன் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தான்.

விஷயம் இதுதான். சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டுகள் முப்பத்தெட்டு. எந்தப் பெல்ட் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று கண்ட்ரோல் ரூமில் சுவர் முழுக்க ஒரு பலகை காட்டும். ஓடினால் பல்பு எரியும், நின்றால் அணையும். பல்பு ஃப்யூஸ் போனாலும் அணையும் என்பது அந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே தத்துவச் சிக்கல். அதற்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் திரையில் பெல்ட்டுகளைப் பச்சையாகவும் சிவப்பாகவும் காட்டிவிடலாம் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து இதற்கென்று ஒரு மென்பொருள் கிடைக்கும் என்றார்கள். ஆனால் அதைப் போட்டால் பிரிவில் இருந்த மெஷினில் வேறு எதற்கும் இடம் இருக்காது என்றும், உண்மையில் அதற்கே இடம் இருக்காது என்றும் தெரியவந்தது. துணைத் தலைமைப் பொறியாளர் கோபாலகிருஷ்ணன், நாமே சிறியதாக, லேசாக ஒன்று செய்துகொள்ள முடியுமா என்று சர்க்குலர் விட்டார். சுரங்கத்துக்குள் பி ஷிப்டில் இரண்டு வருஷமாகப் புழுதி தின்றுகொண்டிருந்த எலெக்ட்ரிகல் டிரெய்னி சிவப்பிரகாசம், முடியும் என்று எழுதிக் கொடுத்தான். அப்போது அவனுக்குப் பாஸ்கல் மொழியில் தெரிந்ததெல்லாம் ஒன்றிலிருந்து நூறுவரை கூட்டுவது மட்டும்தான்.

அவனைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பிய உத்தரவில் 'பணி திருப்திகரமாக அமையும் பட்சத்தில்' என்று இருந்தது. அமையாத பட்சத்தைப் பற்றி உத்தரவு எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏ.சி. அந்த ஏ.சி. மெஷினுக்காகப் போட்டது, மனிதர்களுக்கானது அல்ல. ஆனால் குளிருக்கு கிரேடு வித்தியாசம் தெரியாது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அறுபதுகளில் வந்து, சுரங்கத்திலேயே ஃபோர்மேன் ஆகியிருந்த அவன் அப்பா வெள்ளைச்சாமி, பையன் மே மாதத்தில்கூட ஸ்வெட்டர் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று அவர்கள் குடியிருந்த பிளாக் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். மே மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். திரையில் வரைவதற்கான சொற்களை உண்டாக்குவது சிவப்பிரகாசம். அந்தச் சொற்களைக் கொண்டு பெல்ட் படத்தை வரைவது தமயந்தி. தமயந்தி பன்னிரண்டு வருஷம் டிராயிங் ஆபீசில் இருந்தவள், திருவதிகைக்காரி, கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த ஒரே பெண். திரையை நேராகத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. எதுவானாலும் ஐந்து சொற்கள் வழியாகத்தான் போகவேண்டும் என்று சிவப்பிரகாசம் விதித்திருந்தான். ரேஷன் கடையில் நாமே உள்ளே போய்ச் சர்க்கரையை அள்ளிக்கொள்ள முடியுமா, ஜன்னலில்தானே கேட்கவேண்டும் என்று அவன் விளக்கினான். அந்த ஜன்னல் தான்தான் என்பதை அவளே புரிந்துகொள்ள விட்டுவிட்டான்.

இரண்டு வாரத்தில் அவள் ஜன்னலுக்கு வந்தாள். ஒவ்வொரு பெல்ட்டின் பக்கத்திலும் மணிக்கு எத்தனை டன் போகிறது என்று எண் காட்டவேண்டும். எண்பத்தைந்து என்று எழுதியிருந்த இடத்தில் நூற்றிருபது எழுதினால், பழைய எண் கீழேயே கிடந்தது. இரண்டும் சேர்ந்து பூச்சி நசுங்கியதுபோல் ஆயிற்று. கறுப்புப் பெட்டி போட்டு மறைத்தால், குறுக்கே போகிற பெல்ட்டும் அந்த இடத்தில் அறுந்து தொங்கியது. 'துடை' என்று ஒரு சொல் வேண்டும், ஒரு இடத்தை மட்டும் துடைத்துவிட்டு அங்கே உள்ளதை மட்டும் மறுபடி போடவேண்டும் என்று கேட்டாள். சிவப்பிரகாசம் அதைக் கோப்பில் எழுதிக் கொடுக்கச் சொன்னான்.

அரசு நிறுவனத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தவளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அன்று மத்தியானமே குறிப்புத் தாள் வந்தது. பொருள்: திரையில் பகுதியை மட்டும் துடைக்கச் சொல் கோருதல். பார்வை: நமது வாய்மொழி உரையாடல். சிவப்பிரகாசம் அதன் கீழே 'தேவை எழவில்லை' என்று எழுதித் தேதி போட்டான். மறுநாள் இரண்டாவது குறிப்பு வந்தது. பார்வையில் முதல் குறிப்பும் சேர்ந்திருந்தது. மூன்றாவதில் மூன்று பார்வைகள். பதினைந்து நாளில் ஏழு குறிப்புகள் ஆயின. ஏழாவது குறிப்பில் பார்வைகள் விஷயத்தைவிட நீளமாக இருந்தன. ஏழிலும் தேவை எழவில்லை.

ஒருநாள் அவள் நேராகவே கேட்டாள்.

"ஒரு பெல்ட் நின்னா அந்த ஒண்ண மட்டும் மாத்தணும் சார். நீங்க என்னடான்னா மொத்தத்தையும் அழிச்சுட்டு முப்பத்தெட்டையும் திரும்பப் போடச் சொல்றீங்க. ஒம்பது செகண்ட் ஆகுது."

ஒன்பது செகண்டில் யாரும் கெட்டுப்போய்விட மாட்டார்கள் என்றான் அவன். கொள்கையை விளக்கினான். ஒரு படம் என்றால் முழுப்படம். ஒவ்வொரு தடவையும் வெறும் திரையில் முதலிலிருந்து போட்டால்தான் அது உண்மையான படம். அங்கங்கே தொட்டுத் தடவினால் எங்காவது பழையது ஒட்டிக்கொண்டிருக்கும், எது உண்மை என்று யாருக்கும் தெரியாது.

"சேர்மன் வர்றப்போ ரோட்டோரச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பாங்களே, அந்த வேலையைத்தான் நீங்க கேக்கறீங்க. நான் அடிச்சா வீடு முழுக்க அடிப்பேன்."

"எங்க குவார்ட்டர்ஸ் அந்த ரோட்டு மேலதான் இருக்கு," என்றாள் தமயந்தி. "நீங்க வீடு முழுக்க அடிக்கிற வரைக்கும் நாங்க எங்க சார் குடியிருக்கிறது?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் அதற்குள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பதிலை அவன் மறுநாள் கேண்டீனில் சுப்பிரமணியனிடம் சொன்னான். சுண்ணாம்பு உவமை நன்றாக எடுபட்டது. அதை அவன் வாரக் கடைசிவரை வைத்து ஓட்டினான். துடைப்புக் கோஷ்டி, சேர்மன் ரூட் என்று பிரிவுக்குள் பெயர்களும் உண்டாயின. டைப்பிஸ்ட் கஸ்தூரியம்மாளிடம் கொடுத்து, ஆபரேட்டர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கையேடு ஒன்றும் அடிக்கவைத்தான். உருட்டிப் பிரதி எடுப்பதற்காக எழுத்துகளை வெட்டி அடிக்கும் மெழுகுத்தாள், பதினான்கு ஸ்டென்சில். முதல் பக்கத்தில், 'திரையில் வரைய ஐந்தே சொற்கள்'.

மார்ச் முதல் திங்கட்கிழமை சோதனை. கண்ட்ரோல் ரூமில் அந்த ஷிப்டு ஆபரேட்டர் குஞ்சிதபாதம். கம்மாபுரம் பக்கத்தில் சுரங்கத்துக்கு நிலம் போனதில் வேலை கிடைத்து, மண்வெட்டி வேலையிலிருந்து படிப்படியாக நாற்காலிக்கு வந்தவர். சுவரில் பல்புப் பலகை இருக்கும்வரை இவர் திரையைப் பார்க்கமாட்டார் என்று சிவப்பிரகாசம் யோசனை சொன்னதன் பேரில், கெஸ்ட் ஹவுசிலிருந்து நான்கு போர்வைகளை வரவழைத்துப் பலகையை மூடியிருந்தார்கள். பெல்ட்டுகளின் சேதி கம்பி வழியாகத் திரைக்கு வந்தது. காலை எட்டு மணியிலிருந்து முப்பத்தெட்டு பெல்ட்டுகளும் பச்சையாக ஓடின. கோபாலகிருஷ்ணன் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார். மிக அழகாக இருந்தது. குஞ்சிதபாதம்கூட, டிவி மாதிரி இருக்குதுங்க என்றார்.

பத்தே முக்கால் மணிக்குப் பதினேழாம் நம்பர் பெல்ட் நின்றது. சாதாரண விஷயம், தினம் நாலு தடவை ஏதாவது ஒன்று நிற்கும், அந்த நேரத்துக்கு நிலக்கரியைப் பக்கத்துப் பெல்ட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். சேதி வந்ததும் சிவப்பிரகாசத்தின் கொள்கைப்படி திரை முழுக்க அழிந்து கறுப்பானது. பிறகு மேல் இடது மூலையிலிருந்து ஒன்றாம் நம்பர் பெல்ட் நிதானமாக முளைக்கத் தொடங்கியது.

பல்புப் பலகையில் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: கண்ட்ரோல் சப்ளை, அதாவது பெல்ட்டுகளை ஆளுகிற மின்சாரம், போய்விட்டது. அப்போது என்ன செய்யவேண்டும் என்று எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. ஐந்து எண்ணுவது, அதற்குள் வராவிட்டால் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் போன் போடுவது. குஞ்சிதபாதம் ஐந்து எண்ணினார். திரையில் அப்போது பெல்ட்டுகள் பதினாறுதான் வந்திருந்தன. அவர் போனை எடுத்தார். ஒன்பதாவது செகண்டில் படம் பூர்த்தியாகி, பதினேழாம் நம்பர் அழகான சிவப்பில் நின்றபோது, கீழே சுரங்கத்தில் நாலுமாடி உயரத்து இயந்திரமும் நின்றிருந்தது. பெல்ட்டுகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு வந்து மறுபடி வெட்டத் தொடங்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

கோபாலகிருஷ்ணன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"படம் நல்லா இருந்தது பிரகாசம். சுரங்கம் நின்னுடுச்சு."

அவன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"வியாழக்கிழமை ஜி.எம். வர்றார். அன்னிக்கும் திரை கறுத்துதுன்னா நீங்க மறுநாளே பி ஷிப்டுக்கு ரிப்போர்ட் பண்ணிடுங்க. ஆர்டர் டைப் பண்ணி வெச்சிருக்கேன். தேதி மட்டும் போடல."

மேஜை மேல் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே அந்தத் தாள் இருந்தது. தேதிக்கு விட்டிருந்த இடம் தாராளமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் கொள்கையைக் காப்பாற்றப் பாடுபட்டான். கோடு போடும் விதத்தை மாற்றினான். எழுத்துகளைக் குறைத்தான். பெல்ட்டின் இரண்டு பக்கமும் இருந்த விளிம்புக் கோடுகளில் ஒன்றை எடுத்தான். ஒன்பது செகண்ட், ஆறரை ஆயிற்று. அதற்குக் கீழே ஒரு கால் செகண்டுகூட இறங்க மறுத்தது. தமயந்தி இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவளின் பொறுமையோடு பெல்ட் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது குறிப்பும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குப் போனான். ஆறரை செகண்டை ஐந்தாக்க முடியாது. ஆனால் ஐந்தை ஏழாக்க முடியுமே என்று வழியில் தோன்றியிருந்தது. அது எவ்வளவு எளிமையான தீர்வு என்று நினைத்தபோது அவனுக்கே தன் மேல் மரியாதை உண்டாயிற்று. ஷிப்டு முடியும் நேரம். போர்வைகளை மடித்து மூலையில் வைத்திருந்தார்கள். பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. குஞ்சிதபாதம், கெஸ்ட் ஹவுஸ்காரன் ரெண்டு வாட்டி வந்து போர்வையக் கேட்டுகினு போனான் என்று சொல்லி, ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தார். சிவப்பிரகாசம் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். விதியில் ஐந்து எண்ணவேண்டும் என்றுதான் இருக்கிறது, எவ்வளவு வேகமாக என்று இல்லை. வியாழக்கிழமை ஒருநாள் மட்டும், கொஞ்சம் நிறுத்தி எண்ணினால்.

அவர் பேனாவை எடுத்தார். ரிஜிஸ்டரில் ஒரு வரியை முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"எம்பத்தி ரெண்டுல ஒருத்தரு இந்த நாற்காலில ஒக்காந்துகினு எட்டு எண்ணிட்டாருங்க. கெட்டவரு இல்ல. வந்துடும் வந்துடும்னு பாத்துகினு இருந்துட்டாரு. பெல்ட்டு நின்னுபோச்சி, மெசினு நிக்கல, கரிய கொட்டிகினே இருந்துது. நாங்க பதினோரு பேரு கரி அள்ற சவளு புட்சிகினு எறங்கனோம். மொத நா ராத்திரி எறங்கனது, மறுநா மத்தியானம் வூட்டுக்குப் போறேன், என் பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியல. யாரு வோணும்ங்கறா."

சிரித்தார். பிறகு, "நீங்க மெதுவா எண்ணுன்னா எண்றங்க. படிச்சவரு சொல்றீங்க. ஆனா யாரு எறங்கி கரிய அள்றதுன்னு அதையும் எழுதிக் குடுத்துடுங்க," என்றார். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. கோப்பு என்றால் முழுசாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர் போலத்தான் சொன்னார்.

சிவப்பிரகாசம் மெதுவாக எண்ண வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தான். திரும்புகிற வழியில் சுரங்கத்தில் ஷிப்டு விட்டு வருகிற சைக்கிள்கள் எதிரே கூட்டமாக வந்தன. எல்லார் புருவமும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தது. அதில் தன்னோடு வேலை செய்த பன்னீர்செல்வம் கையைத் தூக்கியது அவனுக்குத் தெரிந்தது. அவனும் தூக்கினான். இருவரில் யார் கை சுத்தமாக இருந்தது என்பதை அவன் கவனிக்காமல் இருக்க முயன்றான்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் பிரிவு காலியாயிற்று. டவுன்ஷிப்பில் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒன்றரைவரை சாலையில் நாய்கூட இருக்காது. சிவப்பிரகாசம் போகவில்லை. வேலை இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். கடைசி ஆள் செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கும் ஓசை கேட்டபிறகுதான் மெஷின் பக்கம் திரும்பினான்.

தமயந்தி கேட்ட அந்தச் சொல் இருபத்து மூன்று வரிதான் வந்தது. அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை; பெரியதாக இருந்திருந்தால் மறுத்ததற்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும். திரையில் நான்கு மூலைகளைச் சொல்லிவிட்டால், அதன்பிறகு எது வரைந்தாலும் அந்த நான்கு மூலைக்குள் விழுவது மட்டும் தெரியும், வெளியே விழுவது சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். தமயந்தி எழுதியிருந்ததில் பெரிதாக எதையும் மாற்றவேண்டியதில்லை. நின்ற பெல்ட்டைச் சுற்றி மூலைகளைச் சொல்லி, அங்கே மட்டும் அழித்து, அதைத் தொட்டுப்போகிற பெல்ட்டுகளை மறுபடி போடச் சொன்னால் போதும். அந்த இடம் மட்டும் மாறும். குறுக்கே போகிறது அறுபடாது. பழையது ஒட்டாது. பதினேழாம் நம்பர் நின்றுவிட்டதாக ஒரு விசையைத் தட்டி மெஷினுக்குச் சொல்லிப் பார்த்தான். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் சிமிட்டியதுபோல் கறுத்துச் சிவப்பாயிற்று. மற்ற முப்பத்தேழும் இமைக்கவில்லை. மறுபடி ஓடவிட்டான். பச்சை. மறுபடி நிறுத்தினான். எத்தனை தடவை அப்படிச் செய்தான் என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் வாய்க்குள் எண்ணத் தொடங்கினான். ஒருமுறைகூட ஒன்றைத் தாண்டவில்லை.

அந்தச் சொல்லுக்கு 'துடை' என்று பெயர் வைக்க அவனால் முடியவில்லை. 'வரம்பு' என்று வைத்தான். பிறகு எண் பிரச்சினை வந்தது. கொஞ்சநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, அதை 5-அ என்று குறித்தான். அப்படியானால் சொற்கள் ஐந்துதான்.

மிச்சமிருந்தது கையேடு. காலையில் கஸ்தூரியம்மாளிடம் பக்கத்தை மாற்றவேண்டியிருக்கும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்திருந்தான். நாளைக்கு ஜி.எம்.முக்கு இருபது பிரதி உருட்டியாகவேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி கூடினால் கீழே இருப்பதெல்லாம் நகரும், பதினாலாம் பக்கம் வரை. அந்த அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். சாப்பாட்டுக்குப் போகும்போது ஒன்பதாம் பக்கத்து ஸ்டென்சிலையும் தப்பெழுத்தை மூடும் சிவப்புத் திரவம் இருந்த சின்னக் குப்பியையும் அவன் மேஜையில் வைத்து, "அந்த ஒரு எடத்துல மட்டும் பூசுங்க தம்பி. காஞ்சப்புறம் மேலயே அடிச்சுக்கலாம். பூராவும் அடிக்க எனக்குக் கையில்ல," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: 'பகுதியை மட்டும் மாற்றும் வசதி கொள்கை அளவில் தவிர்க்கப்பட்டுள்ளது.' சிவப்பிரகாசம் ஸ்டென்சிலை அடித்தாளிலிருந்து பிரித்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு பென்சிலைச் செருகினான். குப்பியைத் திறந்ததும் நகப்பூச்சு வாசனை வந்தது. மூடியோடு வந்த சிறு தூரிகையை விளிம்பில் வழித்து, முதல் எழுத்திலிருந்து தொடங்கினான். மேல் வரியில் படாமல் பூசுவது அவ்வளவு எளிதாக இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, கொள்கை என்ற சொல்லின் மேல் இரண்டு தடவை போனான்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. தமயந்தி உள்ளே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் மெஷினுக்குப் போகிற வழியில் அவன் திரையைப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் சிவப்பாக இருந்தது. அவள் குனிந்து ஒரு விசையைத் தட்டினாள். பச்சை. மறுபடி தட்டினாள். பிறகு பக்கத்தில் கிடந்த தாளில் அவன் எழுதிவைத்திருந்ததைப் படித்தாள்.

"அஞ்சு-அ வா?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. ஆமாம் என்பதுபோல் தலை மட்டும் அசைந்தது. அவள் தன் நாற்காலியை அவன் மெஷினுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு முப்பத்தெட்டு பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.

சிவப்பிரகாசம் ஸ்டென்சிலை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். வரி வரியாக எழுத்துகள் வழியே வெயில் தெரிந்தது. அடியில் ஒரு வரியளவு மட்டும் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அவன் உதட்டைக் குவித்து அந்த இடத்தில் மட்டும் படும்படி மெதுவாக ஊதினான்.